போடி மலையடிவாரத்திலிருந்து நாசாவின் தீ வரைபடம்

போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் எங்களுக்கு இலவந்தோப்பு இருக்கிறது. இலவங்காய் வெடிக்கும் மாதங்களில்தான் மேலே மலைப்புல்லும் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், பஞ்சு நிற்காது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையில் புகை தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. அப்போது தேடிக் கண்டுபிடித்ததுதான், செயற்கைக்கோள் கண்ட தீயை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் இணையதளம்.

காசு கிடையாது. வரைபடத்தில் நம் பகுதியைக் குறித்து மின்னஞ்சலைப் பதிந்துவிட்டால், அங்கே சிவப்புப் புள்ளி விழும்போது தகவல் வந்துவிடும். ஆனால் புள்ளியைப் படிக்கப் பழக வேண்டும். செயற்கைக்கோளில் இருக்கும் வியர்ஸ் என்ற கருவி நிலத்தை 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. கட்டத்துக்குள் எந்த மூலையில் எரிந்தாலும் புள்ளி நடுவில்தான் விழும். முதல் வருடம் இது தெரியாமல் ஓடைக்கு இந்தப் பக்கம் தீ என்று பதறி ஓடினேன். அந்தப் பக்கம் ஒருவர் சோளத்தட்டை எரித்துக்கொண்டிருந்தார். இப்போது புள்ளியைத் தொட்டு, அது தீதான் என்பதற்கு நம்பகம் எவ்வளவு, வெப்பம் எத்தனை மெகாவாட் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

எனக்கு அதிகம் உதவியது பழைய பதிவுகள். வியர்ஸுக்கு முன்பே செயற்கைக்கோளில் போன மோடிஸ் கருவியின் புள்ளிகள் 2000 நவம்பரிலிருந்தே கிடைக்கின்றன. எந்தச் சரிவு திரும்பத் திரும்ப எரிகிறது என்று எடுத்துப் பார்த்தேன். எரிந்த சரிவில் மண்ணைப் பிடிக்கப் புல் இருக்காது. அடுத்த மழைக்குச் சாம்பலும் மண்ணும் ஓடைக்கு வந்துவிடும். அதனால் கோடையில் புள்ளி விழுந்த சரிவுக்குக் கீழே உள்ள வாய்க்காலை மழைக்கு முன்பே தூர்வாரிவிடுகிறோம்.

இனி எங்கே பற்றும் என்பதை ஃபர்ம்ஸ் புள்ளிகள் சொல்லாது. அதற்கு ஐரோப்பாவின் கோபர்னிகஸ் என்ற பூமிக் கண்காணிப்புத் திட்டத்தில் வரும் ஜிவிஸ் என்ற காட்டுத்தீத் தகவல் தளத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்று வேகம், மழை நான்கையும் வைத்துத் தீ அபாயத்தை அது எண்ணாகக் கணக்கிடுகிறது. சரி, அந்தக் கணக்கு கனடாவின் பைன் காட்டுக்காகப் போட்டது. நம் மலைப்புல்லுக்காகப் போட்டதல்ல. எனவே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், போன வாரத்தைவிட ஏறுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஏறினால் தோப்பு ஓரத்துச் சருகை வாரி ஒதுக்கிவிடுவோம். அப்புறம், இந்தியாவில் பெரும்பாலான காட்டுத்தீ மனிதர் வைப்பது. தீக்குச்சி யார் கையில் இருக்கிறது என்பது எந்தக் கணக்கிலும் வராது.

வியர்ஸ் இருக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை, நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில். படம் புள்ளியாகி நமக்கு வர மூன்று மணி நேரம் வரை ஆகலாம். மேகம் இருந்தால் தெரியவே தெரியாது. மாலை நான்கு மணிக்குப் பற்றிய தீக்கு இதை நம்பி உட்கார முடியாது. மலையோரம் இருப்பவர்கள் மாசி பிறக்கும் முன்பே பதிந்துகொள்ளுங்கள், ரேஞ்சர் ஆபீஸ் எண்ணையும் போனில் வைத்திருங்கள். கண்ணுக்குப் புகை தெரிந்துவிட்டால் புள்ளிக்காகக் காத்திருக்காமல் கூப்பிட்டுவிடுங்கள்.