காற்றுப்புகா மூவடுக்குச் சேமிப்புப் பை: பெண் விவசாயியின் தேவையிலிருந்து ஒரு மதிப்பீடு

அறுவடை முடிந்த கையோடு தானியத்தின் விலை ஆண்டிலேயே மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்குகிறது. சில மாதங்கள் கழித்து அதே தானியம் கூடுதல் விலைக்குப் போகிறது. இது தெரிந்திருந்தும் சிறு விவசாயிகள், குறிப்பாகத் தங்கள் பெயரில் நிலமோ வங்கிக் கடனோ இல்லாத பெண்கள், களத்து மேட்டிலேயே விற்றுவிடுகிறார்கள். உடனடிப் பணத் தேவை அதற்கு ஒரு காரணம். வைத்திருந்தால் வண்டு விழுந்துவிடும் என்ற நியாயமான அச்சம் மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தை அகற்றுவதற்கென்றே உருவாக்கப்பட்ட பொருள்தான் காற்றுப்புகா மூவடுக்குப் பை. பயறும் தானியமும் சேமித்துப் பயன்படுத்திப் பார்த்தபின் இதை வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் எந்த அளவுப் பையை வாங்குவது, எந்தச் சூழலில் வாங்குவது என்பதை யோசிக்காமல் வாங்கினால், உழைக்கும் பெண்ணுக்கு அதனால் பெரிய பயன் கிடைக்காது.

பையின் அமைப்பு எளிமையானது. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு கெட்டியான பாலித்தீன் உள்ளுறைகள், அவற்றுக்கு வெளியே வழக்கமான நெய்த பிளாஸ்டிக் சாக்கு, அவ்வளவுதான். உள்ளுறை ஒவ்வொன்றும் சுமார் 80 மைக்ரான் தடிமன் கொண்டது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பூச்சியியல் ஆய்வாளர்கள், கேமரூன் நாட்டு வேளாண் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய பணியிலிருந்து இது பிறந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏராளமான பெண்கள் பயிரிட்டும் வாங்கி விற்றும் பிழைக்கும் தட்டைப்பயறுதான் அந்த ஆய்வாளர்களுடைய முதல் இலக்கு; பயறு வண்டு புகுந்தால் சில மாதங்களிலேயே அந்தப் பயறு மாவாகிப் போகும். 2007க்குப் பின் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு ‘பிக்ஸ்’ என்ற பெயரில் இந்தப் பை பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு மக்காச்சோளம் உள்ளிட்ட மற்றத் தானியங்களுக்கும் பயன்படத் தொடங்கியது. வாயு ஊடுருவாத ஒற்றை உள்ளுறையைச் சாதாரணச் சாக்கினுள் வைத்துப் பயன்படுத்தும் வகைகளும் சந்தையில் உண்டு. இந்த மதிப்பீடு மூவடுக்கு வகையைப் பற்றியது.

இதில் மருந்து எதுவும் இல்லை. தானியத்தோடு உள்ளே மாட்டிக்கொண்ட பூச்சிகள் சுவாசித்துச் சுவாசித்து உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. கரியமில வாயு கூடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய அவை தின்பதை நிறுத்துகின்றன, பெருக்கமும் நின்றுபோகிறது. உலர்ந்த தானியத்தில் வாழும் இந்தப் பூச்சிகள் தமக்கு வேண்டிய நீரைப் பெரும்பாலும் உணவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தே பெறுகின்றன. ஆக்சிஜன் இல்லாமல் போகும்போது அந்த நீரும் கிடைக்காமல் வறண்டு மடிகின்றன. இதை நான் மிக முக்கியமான சிறப்பாகக் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தானியம் காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. ஈரம் பட்டால் அது வெளிவிடும் பாஸ்பீன் வாயு உயிரைக் கொல்லக்கூடியது. தானிய மூட்டைகள் அடுக்கிய அறையிலேயே குழந்தைகளோடு உறங்க வேண்டிய நிலையிலுள்ள ஒரு தாய்க்கு, நஞ்சு தேவைப்படாத பாதுகாப்பு என்பது எந்த விலைக்கணக்கிலும் அடங்காது.

பயன்படுத்தும் முறையில் சிக்கல் இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். உள்ளுறையில் தானியத்தைக் கொட்டும்போதே அவ்வப்போது அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வாயை முறுக்கி, மடித்து, கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். இரண்டாவது உறைக்கும் வெளிச்சாக்குக்கும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு பேர் இருந்தால் எளிது, தனியாகவும் முடியும். தானியத்தின் காய்ச்சல் பதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசணம் பிடிக்கும் ஆபத்து உண்டு. மூடிய பையினுள் ஈரம் வெளியேற வழியே இல்லை என்பதால், ஈரத்தானியத்தை இதில் போடுவது சாதாரணச் சாக்கில் போடுவதைவிடக் கேடானது. அளவுக்கருவி இல்லாதவர்கள், உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி தானியத்தையும் சிறிது உலர் உப்பையும் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் தானியம் இன்னும் காயவில்லை. மாதங்கள் கழித்துப் பையைப் பிரித்தபோது பயறு நிறம் மாறாமல், புதுத்துளை விழாமல் இருந்தது. நன்றாகக் காய்ந்த விதையின் முளைப்புத்திறனும் கெடுவதில்லை. விதையைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு பெண்களிடமே இருக்கும் குடும்பங்களில், அடுத்த பருவத்துக்கு விதை வாங்கும் செலவை இது மிச்சப்படுத்துகிறது.

இனி, இந்தப் பை ஒரு பெண் விவசாயியின் வருமானத்தில் என்ன மாற்றம் செய்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரே பரப்புள்ள நிலங்களில் ஆண் நடத்தும் பண்ணைக்கும் பெண் நடத்தும் பண்ணைக்கும் இடையே உற்பத்தித்திறனில் 24 சதவீத இடைவெளி இருக்கிறது. வேளாண் கூலி வேலையில் ஆண் 1 டாலர் ஈட்டும் இடத்தில் பெண் 82 சென்ட் மட்டுமே ஈட்டுகிறார். திறமைக் குறைவால் வந்த இடைவெளி அல்ல இது. நிலம், கடன், இடுபொருள், பயிற்சி ஆகியவை எட்டாமையும், ஊதியமில்லாத வீட்டு வேலையின் சுமையும் சேர்ந்து உண்டாக்கியது. ஆகவே குறைவாக விளைந்ததை மேலும் குறைந்த விலைக்கு விற்பது இரட்டை இழப்பு. விளைச்சலைக் கூட்டும் ஆற்றல் எந்தப் பைக்கும் இல்லை. விளைந்ததை எப்போது விற்பது என்று முடிவெடுக்கும் அவகாசத்தை மட்டும் இது தருகிறது. அந்த அவகாசம் இதுவரை கிட்டங்கி வைத்திருந்த வியாபாரியிடம் மட்டுமே இருந்தது.

ஆனால் அவகாசத்தைப் பயன்படுத்தக் கையில் பணம் இருக்க வேண்டும். அறுவடையை எதிர்பார்த்து வாங்கிய கடனும் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கும்போது, எவ்வளவு நல்ல பையானாலும் காலியாகவே மடித்து வைக்கப்படும். கென்யாவில் சிறு விவசாயிகளுக்கு அறுவடைக் காலத்திலேயே கடன் கொடுத்துப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வு, அவர்கள் தானியத்தை உடனே விற்காமல் வைத்திருந்து விலை ஏறியபின் விற்றுக் கூடுதல் வருவாய் பெற்றதைக் காட்டியது. நைஜரில் ‘வாரன்டாஜ்’ எனப்படும் முறையில், விவசாயிகள் கிட்டங்கியில் பூட்டிவைத்த தானியத்தின் மீதே கடன் பெறுகிறார்கள்; நிலப்பத்திரம் கேட்காத ஈடு என்பதால் பெண்களுக்கு இது சிறப்பாகப் பொருந்துகிறது. எனவே பெண்கள் குழுவாக இந்தப் பைகளை வாங்குவதையும், அந்தத் தானியத்தை ஈடாகக் காட்டிக் கடன் கேட்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பையின் அளவைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 100 கிலோப் பையும் 50 கிலோப் பையும் பரவலாகக் கிடைக்கின்றன. ஒரு கிலோவுக்கான செலவைக் கணக்கிட்டால் பெரிய பை மலிவாகத் தோன்றலாம். ஒருவர் கையால் தூக்கும் சுமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயது வந்த ஆணுக்கே 55 கிலோவை வரம்பாக வைக்கிறது. பெண்ணுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்கிறது. அப்படியிருக்க 100 கிலோப் பையை நகர்த்த ஒரு பெண் ஒவ்வொரு முறையும் ஆண் துணையைத் தேட வேண்டும். அப்படித் தேடும் நேரத்திலேயே எப்போது விற்பது, யாருக்கு விற்பது என்ற முடிவும் கைமாறிவிடுகிறது. 50 கிலோப் பையைக்கூட அரைகுறையாக நிரப்பி, மிச்சத்தைச் சுருட்டிக் காற்றில்லாமல் கட்டுவது நல்லது. உற்பத்தியாளர்கள் 25 கிலோ அளவை எல்லா இடங்களிலும் கிடைக்கச் செய்தால், இந்தப் பொருளில் நான் காணும் மிகப் பெரிய குறை நீங்கும்.

அன்றாடச் சமையலுக்கு எடுக்கும் தானியத்தை இதில் வைக்கக் கூடாது. திறக்கும்போதெல்லாம் புதுக்காற்று புகுந்து பூச்சிக்கு உயிர் கொடுக்கும். விற்பனைக்கு ஒன்று, விதைக்கு ஒன்று எனத் தனித்தனியாக மூடிவைத்து, வீட்டுத் தேவைக்குச் சிறிதளவை வெளியே வைத்துக்கொள்வதே சரி. எலியிடமிருந்தும் இது காப்பதில்லை. தரையில் படாமல் பலகை மீது, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். மக்காச்சோளத்தில் வரும் பெரிய தானியத் துளைப்பான் போன்ற சில வண்டுகள் உள்ளுறையையே துளைக்கும் வல்லமை கொண்டவை. இரண்டு உறைகள் இருப்பதன் பயன் அப்போதுதான் புரியும். கவனமாகக் கையாண்டால் ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களுக்குப் பயன்படும் என்பதால் முதல் செலவு பிரிந்துபோகிறது. மறுபடி நிரப்புமுன் உறையில் காற்றை அடைத்துப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கடையில் வாங்கும்போது சாக்கினுள் இரண்டு உள்ளுறைகள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். வெளித்தோற்றத்தில் அதே போன்ற, ஒரேயொரு மெல்லிய உறை வைத்த பைகளும் விற்கப்படுகின்றன. இடுபொருள் கடைகளும் செயல்விளக்கக் கூட்டங்களும் பெரும்பாலும் ஆண்களையே வாடிக்கையாளராக நினைத்து நடப்பதால், கட்டும் முறையைப் பெண்களுக்கு நேரில் காட்டித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தவறாகக் கட்டிய பைக்கும் சாதாரணச் சாக்குக்கும் வேறுபாடு இல்லை. விளைந்ததெல்லாம் சில வாரங்களில் வீட்டுக்கே செலவாகிவிடும் குடும்பத்துக்கும், பருவத்துக்கும் பருவத்துக்கும் விலை அதிகம் மாறாத பயிரை விளைவிப்போருக்கும் இது தேவையில்லை. தானியத்தைச் சரியாகக் காயவைக்க இடமில்லாதவர்கள் இந்தப் பைக்கு முன் நல்ல தார்ப்பாய் ஒன்றை வாங்குவதே முறை.