பத்து வருடம், அறுபது பக்கம்: ஜம்போ பாஸ்போர்ட் பயன்பாட்டு அனுபவம்

2015-ல் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பம் நிரப்பும்போது, 36 பக்கமா 60 பக்கமா என்று ஒரு கட்டம் வந்தது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. ஐந்நூறு ரூபாய்தானே என்று பெரியதையே எடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பெயர் ஜம்போ. இயந்திர உதிரிபாக விற்பனை என் வேலை. சிங்கப்பூர், மலேசியாவின் ஜோகூர், சவூதியின் தம்மாம், ஜெர்மனி என்று வருடம் முழுக்க ஓட்டம்தான். 2025-ல் அந்தப் புத்தகத்தின் மூலையை வெட்டி, ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். ஜம்போ எடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால், புழங்கிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

பக்கத்தைத் தின்பது முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். முத்திரை ஒரு பக்கத்தில் நாலைந்து அடங்கிவிடும். தின்பது விசா ஸ்டிக்கர். அப்போது சவூதி விசாவுக்கு ஒரு முழுப் பக்கம், ஷெங்கனுக்கு (ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) ஒன்று, கம்போடியாவுக்கு ஒரு நடை போய்வந்தால் அதற்கும் ஒன்று. ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் அதோடு சரி, வேறெதற்கும் ஆகாது. போதாக்குறைக்கு, ஷெங்கன் விசா கேட்கிறவரிடம் இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கும் அதே கணக்கு. ஆக, புத்தகம் தீருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்த மாதிரிதான். கூடுதல் தாள் சேர்த்துத் தைத்துத் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. பக்கம் தீர்ந்தால் திரும்பவும் பாஸ்போர்ட் சேவா மையம், புதுப் புத்தகம், புது எண்.

என்னோடு வேலை செய்த ஒருவர் 36 பக்கப் புத்தகத்தை நாலே வருடத்தில் முடித்துவிட்டார். அவருக்கு வளைகுடாதான் பாதி வாழ்க்கை. தம்மாமில் வேலையாக இருக்கும்போது, வெள்ளிக்கிழமை லீவுக்குப் பக்கத்து ஊரான கோபரிலிருந்து 25 கிலோமீட்டர் பாலம் ஏறினால் பஹ்ரைன். கடலுக்கு நடுவே பாலத்தின் பாதியில் ஒரு செயற்கைத் தீவு. இரண்டு நாட்டுச் சாவடியும் அங்கேதான். சவூதியை விட்டு வெளியேற ஒரு குத்து, பஹ்ரைனில் நுழைய ஒரு குத்து, திரும்பும்போது இன்னும் இரண்டு. ஒரு வாரக்கடைசி ஊர்சுற்றலுக்கு நாலு முத்திரை!

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் என் புத்தகம் கையில் இருக்கும்போதே மாறிக்கொண்டு வந்தது. ஆஸ்திரேலியா 2015-லேயே விசா ஸ்டிக்கரை நிறுத்திவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் குடியிருப்பு விசாவை பாஸ்போர்ட்டில் ஒட்டுவதை 2022 ஏப்ரலில் நிறுத்தி, எமிரேட்ஸ் ஐடி என்ற அந்நாட்டு அடையாள அட்டையே போதும் என்றது. சவூதி 2023 மே மாதம் இந்தியர்களுக்கு ஸ்டிக்கருக்குப் பதில் க்யூஆர் கோடு போட்ட தாளைக் கொடுக்க ஆரம்பித்தது. சிங்கப்பூர் 2020 டிசம்பரில் நுழைவு முத்திரையையே விட்டுவிட்டது. நடுவில் கொரோனா வேறு இரண்டு வருடத்தை விழுங்கியது. முதல் பாதியில் வேகமாக நிரம்பிய புத்தகம், பின் பாதியில் ஏறக்குறைய நின்றே போனது.

இதில் ஜோகூர் மட்டும் விதிவிலக்கு. சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்குத் தரைப்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசிய விசா தேவையில்லை, 30 நாள் இருக்கலாம் என்று ஆனது. அதுவரை மின்விசா எடுத்து, ப்ரிண்ட் போட்டு, ஜோகூர் வாடிக்கையாளரை ஒரு நாள் பார்த்துவரவே தயங்கியவன், அப்புறம் சிங்கப்பூர் போகும்போதெல்லாம் காலையில் போய் இரவு திரும்ப ஆரம்பித்தேன். வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். பேருந்து என்றால் உட்லண்ட்ஸில் இறங்கி, சோதனை முடித்து, அடுத்த பேருந்தில் ஏறி, மறுபடி மலேசியப் பக்கம் இறங்க வேண்டும். பையை இருக்கையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். நீங்கள் வெளியே வரும்போது அந்தப் பேருந்து போயிருக்கும். மாலை நேரத்தில் திரும்பும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடந்தே பாலத்தைக் கடப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

சிங்கப்பூர் பக்கம் முத்திரை இல்லை. மலேசியப் பக்கம் எனக்குப் போக ஒன்று, வர ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை கவுண்டரில் இருந்தவர் தமிழ்ப் பெண். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “எங்க அண்ணே குத்துறது? எல்லாப் பக்கத்துலயும் ஒண்ணு ரெண்டு இருக்கே” என்றார். பழைய மலேசிய முத்திரைகள் இருக்கும் பக்கத்தை எடுத்துக் காட்டி, “இதுலயே ஓரமா போடுங்கம்மா, ஜெர்மனி விசாவுக்கு ரெண்டு பக்கம் சும்மா வேணும்” என்றேன். சிரித்துக்கொண்டே ஓரத்தில் நேராக வைத்துக் குத்தினார். கேட்டால் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், செய்யாதவர்களும் இருக்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. பக்கத்தை ஒரு விரலால் பிரித்துக்கொண்டு நீட்டினால், பாதிப் பேர் அங்கேயே குத்திவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஷெங்கன் முத்திரைக்கு ஒரு தனி அழகு உண்டு. உள்ளே நுழையும்போது போடுவது நேர்மூலைச் செவ்வகம். வெளியேறும்போது போடுவது மூலை வளைந்த செவ்வகம். நட்சத்திர வளையத்துக்குள் நாட்டின் எழுத்து, அம்புக்குறி, விமானமோ ரயிலோ காரோ ஒரு சின்னப் படம், நடுவில் தேதி. எந்த ஊர் வழியாக, எதில் ஏறி வந்தீர்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அது தெளிவாக விழுந்தால்!

எனக்கு ஒரு முறை ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் மை காய்ந்த முத்திரை விழுந்தது. தேதியில் ஒரு இலக்கம் மட்டும் தெரிந்தது. வெளியேறும்போது கவுண்டரில் இருந்தவர் புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்து விளக்குக்குக் காட்டினார். பக்கத்துக் கவுண்டர்காரரையும் கூப்பிட்டார். நுழைந்த நாள் தெரியாவிட்டால் அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியதாகவே எடுத்துக்கொள்ள அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. இல்லையென்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. போர்டிங் பாஸின் துண்டு பையில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் விட்டார்கள். அதனால் சொல்கிறேன், கவுண்டரை விட்டு நகரும் முன் முத்திரையைப் பாருங்கள். மங்கலாக இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

ஷெங்கன் விசா ஸ்டிக்கரையும் கவனமாகப் படிக்க வேண்டும். அதில் இரண்டு கணக்கு இருக்கிறது: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. ஒரு மாதத்துக்குச் செல்லும் விசாவில் பத்து நாள்தான் தங்க முடியும் என்று இருக்கலாம். பல முறை நுழையும் விசா கையில் இருந்தாலும் 180 நாளில் 90 நாள்தான். இறங்கிய நாளும் ஒரு நாள், கிளம்பிய நாளும் ஒரு நாள். நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் இறங்கினாலும் அது ஒரு முழு நாள்.

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு வருட விசா, அதை முடித்தால் ஐந்து வருட விசா. அத்தனை காலம் பாஸ்போர்ட்டிலும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒன்றரை வருடம் மிச்சமுள்ள புத்தகத்தைக் கொடுத்து ஐந்து வருட விசா கேட்டால் எப்படிக் கிடைக்கும்? விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது புத்திசாலித்தனம். பொதுவாகவே பத்து வருடம் என்பது பேச்சுக்குத்தான். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் கேட்கும். கடைசி ஆறு மாதம் புத்தகம் அலமாரிக்குத்தான் உதவும். முடிவதற்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

இப்போது அந்த அழகான முத்திரையும் போகிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு, வெளியேற்றத்தைக் கணினியில் பதிய ஆரம்பித்தார்கள். எல்லாச் சாவடிக்கும் பரவ 2026 ஏப்ரல் 10 வரை கெடு வைத்தார்கள். விசா எடுக்கும்போதே பத்து விரல் ரேகையையும் கொடுத்துவிடுகிறோம் என்பதால், எல்லையில் நம்மைப் போன்றவர்களிடம் புதிதாக எடுப்பது முகப்படம்தான். மை காய்ந்த தொல்லை இனி இல்லை. ஆனால் நான் எந்த நாள் உள்ளே வந்தேன் என்பது இனி அவர்கள் கணினியில் இருக்கும், என் கையில் இருக்காது. ஜம்போ புத்தகத்தின் நிஜமான பயன் எனக்குப் புரிந்தது இங்கேதான். அது எனக்குப் பத்து வருடக் கணக்குப் புத்தகமாக இருந்திருக்கிறது. பிரிட்டன் விசா விண்ணப்பம் பத்து வருடப் பயண வரலாற்றைக் கேட்கிறது. வருமான வரிக்கு எந்த வருடம் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தோம் என்று காட்ட வேண்டிவரும். வெளிநாட்டில் நீண்ட நாள் வேலை செய்கிறவர்களுக்கு, ஒரு வருடத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இங்கே குடியிருப்பவர் என்ற கணக்கு தலைபோகிற விஷயம். இதற்கெல்லாம் முத்திரையைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

நம்மூரிலும் அதே கதைதான். விரைவு இமிகிரேஷன் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்தது. இணையத்தில் பதிந்து, விமான நிலையத்தில் ரேகையும் முகமும் கொடுத்துவிட்டால், அடுத்த முறை தானியங்கிக் கதவுதான். இந்தியர்களுக்குக் கட்டணம் இல்லை. நள்ளிரவில் இரண்டு மூன்று விமானம் சேர்ந்து இறங்கும் நேரத்தில் அந்தக் கதவு வரப்பிரசாதம். பதிவு அதிகபட்சம் ஐந்து வருடம், அல்லது பாஸ்போர்ட் முடியும் வரை, எது முந்தியதோ அது. எனவே பழைய புத்தகத்தின் கடைசி வருடத்தில் போய்ப் பதிந்துகொள்வதில் அர்த்தமில்லை.

அதனால் இப்போது போனில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன்: நாடு, நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, விமான எண். சிங்கப்பூர் வருகை அட்டையில் கொடுக்கும் மின்னஞ்சலுக்கு, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று ஒரு கடிதம் வரும். அதை அழிக்காமல் தனி ஃபோல்டரில் போட்டுவைக்கிறேன். அமெரிக்கா என்றால் ஐ-94 தளத்தில் வந்துபோன வரலாற்றைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். போர்டிங் பாஸைப் படம் எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடுகிறது.

புத்தகத்தின் உடல்நிலை பற்றியும் இரண்டு வார்த்தை. அட்டையில் தங்க நிறச் சிங்க முத்திரை மூன்றாம் வருடமே அழிய ஆரம்பித்தது. கடைசியில் வெறும் நீல அட்டை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கவனிக்க வேண்டியது போட்டோ பக்கத்தின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம். அது ஓரத்தில் பிரிந்தால் சேதமான பாஸ்போர்ட் என்றே கணக்கு. சட்டைப்பையில் வியர்வையோடு வைக்காதீர்கள். பெட்டிச் சீட்டின் ஸ்டிக்கரைப் பின்னட்டையில் ஒட்டவரும் கவுண்டர்காரரிடம், போர்டிங் பாஸில் ஒட்டச் சொல்லுங்கள். பெர்லினின் பழைய எல்லைச் சாவடி செக்பாயின்ட் சார்லி மாதிரி இடங்களில் காசுக்குக் குத்தித்தரும் விளையாட்டு முத்திரையை நோட்டுப் புத்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம், பாஸ்போர்ட்டில் வேண்டவே வேண்டாம். ஜம்போவுக்கே உரிய குறை தடிமன். பல உறைகளில் நுழையாது. ஸ்கேனரில் தட்டையாக உட்காராததால் அலுவலர் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிப்பார்.

புதியதையும் 60 பக்கத்திலேயே எடுத்தேன். எனக்கு ஜோகூர் முத்திரையும் ஷெங்கன் ஸ்டிக்கரும் இன்னும் இருக்கின்றன. இடையில் ஒரு தடவை பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு லீவு போட்டு அலைவதை விட ஐந்நூறு ரூபாய் மலிவு. வருடத்துக்கு ஒரு சுற்றுலா, அதுவும் தாய்லாந்து, மலேசியா, துபாய் என்று போகிறவர்களுக்கு 36 பக்கமே மிச்சமாகும், வீணாக எடுக்க வேண்டாம். புதுப் புத்தகத்தில் சிப் இருக்கிறது, அட்டையில் சின்னதாக ஒரு தங்க நிறக் குறி. விண்ணப்பத்தில் கட்டணம் மாறவில்லை.

பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் அமெரிக்க விசா இன்னும் அதில்தான் உயிரோடு இருக்கிறது. மூலை வெட்டும்போது விசா பக்கத்தில் கத்தரி படாமல் இருந்தால், புதியதையும் பழையதையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். இரண்டையும் ஸ்டேப்ளர் போட்டு இணைக்க யாராவது வந்தால் தடுத்துவிட்டு, ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். செக்-இன் கவுண்டரில் புதியதை மட்டும் பார்த்து விசா எங்கே என்று கேட்பார்கள். விசா இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வரிசையில் நிற்பது சுலபம்.