"போட்டில் தனுஷ்கோடி" என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்

ராமேஸ்வரம் கடற்கரையில் குடும்பமாக வருகிறவர்களைக் கண்டால், "வாங்கண்ணே, போட்ல தனுஷ்கோடி, வெள்ளைக்காரன் காலத்து ஊரு, சாப்பாடும் சேர்த்து" என்று கூப்பிடுகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஆளேற்றும் படகு சர்வீஸே கிடையாது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. எழும்பூரில் போட் மெயில் என்ற ரயிலில் ஏறினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் ஊரை அழித்ததோடு அது நின்றுபோனது. இன்று அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கிக் கரையோரமாகக் கொஞ்ச நேரம் சுற்றிக் காட்டி, இறக்கி வேனில் ஏற்றுகிறார்கள்.

அடுத்த ஏமாற்று, தனுஷ்கோடி போகிற வழியில் உள்ள முகுந்தராயர் சத்திரத்தில். "இதுக்கு மேல மணல்தான், வேற வண்டி மாறணும், ஆளுக்குத் தனிக் காசு" என்பார்கள். 2017க்கு முன் அது நிஜம். முன்பு வந்துபோன சொந்தக்காரர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அதனாலேயே ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். இப்போது அங்கிருந்து நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டரும் தார் ரோடு. கார், அரசு பஸ் எல்லாம் போகின்றன.

வண்டி பேசும்போது "தனுஷ்கோடி" என்று மட்டும் சொன்னால் இடிந்த சர்ச்சோடு திருப்பிவிடுவார்கள். அரிச்சல்முனை அங்கிருந்து இன்னும் நாலரை கிலோமீட்டர். "அரிச்சல்முனை அசோகத் தூண் ரவுண்டானா வரை, சர்ச்சில் அரை மணி நேரம், முனையில் ஒரு மணி நேரம்" என்று எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை ஊர் திரும்பிய பிறகுதான் கொடுக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டி வேண்டாம், அது வாடகைக்கு ஓடக்கூடாத சொந்த வண்டி. மூன்றரைக்கு மேல் கிளம்பலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாலை ஐந்து மணி வாக்கில் செக்போஸ்ட்டில் மறித்துவிட்டால் கொடுத்த காசு போனதுதான்.

பணம் போனாலும் பரவாயில்லை, படகு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். மீன்பிடி வள்ளம் மீன்பிடிக்கத்தான், ஆளேற்ற அனுமதி இல்லை. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று காட்டுவார்கள். கையில் வாங்கிப் பாருங்கள். கொக்கி உடைந்து நைலான் நரம்பால் முடிந்திருக்கும். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டித் தோள்பட்டையில் பிடித்துத் தூக்குங்கள்: ஜாக்கெட் மட்டும் காது வரை ஏறி வந்தால், தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். கால் இடுக்கில் பட்டி உள்ள சின்ன அளவு இல்லையென்றால் ஏற்றவே ஏற்றாதீர்கள். ராமேஸ்வரத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் உள்ள வடகடலைப் பெண்கடல், சாதுவானது என்பார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் சரி. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் அதே கடல்தான் படகைப் புரட்டும். கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் கொடுக்காத நாளில் மீனவரே கடலுக்குப் போகமாட்டார்.

படகில் போயே ஆகவேண்டும் என்றால் வனத்துறை நடத்தும் சவாரிகள் இருக்கின்றன: குந்துகாலிலிருந்து குருசடைத் தீவு, தொண்டிப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காடு. கையில் டிக்கெட் தருவார்கள். காற்று கூடினால் அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

சர்ச் சுவர் பவளக்கல்லால் கட்டியது, பக்கத்தில் போனால் தேன்கூடு போலத் துளைகள் தெரியும். அந்தத் துண்டு என்றோ கடல்குதிரை என்றோ யாராவது விற்றால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் வாங்கியவரும் மாட்டுவார். அரிச்சல்முனையில் குளிக்க இறங்கவே கூடாது, இரண்டு கடலும் சேருமிடத்தில் காலடி மணலை நீரோட்டம் அரித்துக்கொண்டு போய்விடும்.

ஏற்கனவே ஏமாந்திருந்தால் வண்டி எண், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், எழுதி வாங்கிய சீட்டு மூன்றையும் வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். படகில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் எண் 1093.