நான்கு சைபர் இரும்பு நார்: கார் கண்ணாடிக்கு தாராளமா, கிரோமுக்கு காந்தம் வச்சுப் பார்த்துட்டு

எங்கள் அபார்ட்மெண்டில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் நேராக என் கார் மேல்தான் விழும். சென்னை மேடவாக்கம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாளியின் உள்பக்கத்தைப் பார்த்தாலே போதும். மோட்டாரை நிறுத்த மறக்கும் புண்ணியவான் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் முன்கண்ணாடியின் வலது பாதி முழுக்க வெள்ளை வெள்ளையாக, வட்டம் வட்டமாக உப்பு படிந்துவிட்டது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி எதிரில் லாரி வந்தால் மட்டும் கண்ணாடியில் பால் ஊற்றியது மாதிரி ஆகிவிடும், ஒரு நிமிடம் ரோடே தெரியாது.

ஷாம்பு போட்டேன், பழைய செய்தித்தாளை நனைத்துத் தேய்த்தேன், வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் கண்ணாடி மேல் ஒட்டியும் வைத்தேன். வினிகருக்குப் புதுக் கறை கரைந்தது, பழசு அசையவில்லை. ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் கண்ணாடி பாலிஷ் என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டு எதையோ தடவி அனுப்பினார்கள், முதல் மழையிலேயே வட்டங்கள் அப்படியே திரும்பி வந்தன. கடைசியில் வழி சொன்னது கார் ஆள் யாருமில்லை, எங்கள் வாசல் கதவுக்கு பாலிஷ் போட வந்தவர். பையிலிருந்து சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி, "இதால தேய்ச்சுப் பாருங்க சார், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நான் நம்பவில்லை. இரும்பை எடுத்துக் கண்ணாடியில் தேய்ப்பதா?

அது நான்கு சைபர் ஸ்டீல் வுல், அதாவது 0000. பாத்திரம் தேய்க்கும் சுருள் கம்பி நாரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதை வைத்துக் கண்ணாடியைத் தேய்த்தால் பிறகு என்னைத் திட்டாதீர்கள். உப்புத்தாளில் நம்பர் இருப்பது போல இதிலும் உண்டு: 4 என்பது முரட்டு நார், அங்கிருந்து 3, 2, 1, 0 என்று இறங்கி அப்புறம் 00, 000, கடைசியாக 0000. சைபர் கூடக் கூட மெல்லிசு. நான்கு சைபரில் ஒரு இழை தலைமுடியை விட மெல்லிசாக இருக்கும், கையில் பிடித்தால் கம்பி என்றே தோன்றாது.

முதல் பாக்கெட்டை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். விளம்பரத்தில் 0000, பாக்கெட் மேலும் 0000, உள்ளே இருந்ததோ விரலைக் குத்தியது. திருப்பி அனுப்பிவிட்டு, மரச்சாமான் பாலிஷ் சாமான் விற்கும் கடைக்கே நேரில் போய், பிரித்துத் தொட்டுப் பார்த்து 12 சுருள் உள்ள பாக்கெட்டை 350 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். கன்னத்தில் லேசாக உரசிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கண்ணாடிக்கு ஏன் கீறல் விழவில்லை என்பதற்குக் காரணம் எளிது. சாதாரண இரும்பை விடக் கண்ணாடி கடினம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் இரும்பு 4, 4.5 என்று நிற்கும், கண்ணாடி 5.5க்கு மேல். படிந்த உப்பு இரண்டையும் விட மெத்து, அதனால் அது மட்டும் பெயர்ந்து வருகிறது. ஆனால் மணல் 7. கண்ணாடியில் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருந்து அதை நாரோடு சேர்த்துத் தேய்த்தால் கோடு விழத்தான் செய்யும், விழுந்த பிறகு பழி மட்டும் இரும்பு மேல் வரும். ஆகவே முதலில் வண்டியை நன்றாகக் கழுவி, கண்ணாடியை விரலால் தடவி நறநறப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நாரை எடுக்க வேண்டும்.

நான் செய்தது இப்படி. நிழலில் நிறுத்தி, பானெட்டின் பெயிண்ட் மேல் ஒரு பழைய போர்வையை விரித்தேன். புது நாரில் துரு பிடிக்காமல் இருக்க லேசாக எண்ணெய் பூசியிருப்பார்கள், அதை விட்டுவிட்டால் கண்ணாடி முழுக்க இழுசும், அதனால் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை பிழிந்துகொண்டேன். கண்ணாடியையும் சோப்புத் தண்ணீரால் நனைத்து, முதலில் பயந்துகொண்டே கீழ் மூலையில், வைப்பருக்குப் பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவு தேய்த்தேன். அழுத்தமே வேண்டாம், கையின் கனம் போதும். ஆரம்பத்தில் சர்சர் என்று ஒரு சத்தம், நார் தட்டித் தட்டிப் போகும். இருபது முப்பது தடவைக்குப் பிறகு சத்தம் அடங்கி நார் வழுக்க ஆரம்பிக்கும், அந்த இடத்தில் உப்பு போய்விட்டது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை. மீதியை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர் ஊற்றினால் முன்பு திட்டுத் திட்டாகப் பிரிந்து ஓடும், இப்போது ஒரே தகடாக வழிந்து இறங்கியது. வைப்பர் கடகடவென்று அதிர்ந்து ஓடியதும் நின்றது, அத்தனை நாள் பிளேடு தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லா வட்டமும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து இடத்தில் மங்கலான வளையம் அப்படியே இருக்கிறது. உப்பு ரொம்ப நாள் வெயிலில் காய்ந்து கண்ணாடியையே அரித்துவிட்டால் நார் என்ன செய்யும், மேலே இருப்பதைத்தான் எடுக்கும். அதற்கு சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடி பாலிஷ் பொடியைப் போட்டு மெஷினில் பாலிஷ் செய்ய வேண்டும், அந்த வேலைக்கு நான் இறங்கவில்லை.

உள்பக்கக் கண்ணாடிக்கு வேண்டாம். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் கிழியும், பின்கண்ணாடியில் பனிமூட்டத்தைப் போக்கும் டிஃபாகர் கோடுகள் அறுந்துபோகும். ஹெட்லைட் பிளாஸ்டிக், தொடவே கூடாது. சைடு மிரரையும் விட்டுவிடுங்கள், சிலவற்றில் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கும்.

இனி கிரோம். அந்தக் கூத்து நாகப்பட்டினத்தில். மாமனாரிடம் ஒரு பழைய மார்க் 4 அம்பாசிடர் நிற்கிறது, மாதம் ஒருமுறை கோயில் வரைக்கும் போய் வருவதோடு சரி. கடல் காற்றில் பம்பர் முழுக்க மிளகு தூவியது போலத் துரு. நான் பையிலிருந்து நாரை எடுத்ததும், "மாப்பிள்ளை, நிக்கல் போயிடப் போவுது, பார்த்து" என்று நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பின்பக்க பம்பரின் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஆரம்பித்தேன். நாரில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் ஆயில் காபி டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பாக மாறும். அதை வேஸ்ட் துணியால் துடைத்தால் கீழே கிரோம் பளிச்சென்று நிற்கும். மாமனார் எழுந்து குனிந்து பார்த்து, பம்பரில் தன் முகத்தையும் பார்த்துக்கொண்டு, "முன்னாடியும் பண்ணிடுங்க" என்றார்.

கிரோம் கண்ணாடியை விடவும் கடினம், ஆனால் அந்தப் பூச்சு மைக்ரான் கணக்கில் மெல்லிசு. அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. பூச்சில் ஊசிக்கண் ஓட்டை விழுந்து, அதன் வழியாகத்தான் துரு வெளியே கசிகிறது. நார் கசிந்ததைத் துடைக்கும், ஓட்டையை அடைக்காது. கிட்டப் போய்ப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும், மெழுகு பூசாமல் விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி துரு. லேசான துருவுக்கு இதுகூட வேண்டாம், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும், அலுமினியம் இன்னும் மெத்து என்பதால் பயமும் இல்லை.

அந்த சந்தோஷத்தில் ஊர் திரும்பி என் காரின் முன் கிரில்லிலும் கை வைத்தேன். பிளாஸ்டிக் மேல் பூசிய கிரோம் அது. பத்து தேய்ப்பில் பனி படர்ந்த மாதிரி மங்கிவிட்டது, அந்தத் திட்டு இன்னும் இருக்கிறது, பார்ப்பவர்களிடம் பறவை எச்சம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. ஒட்டினால்தான் நார். ஒட்டாவிட்டால் அது பிளாஸ்டிக், அலுமினியம், இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையாக இருக்கும், மூன்றிலும் கோடு விழும். ஸ்டெயின்லெஸ்ஸில் நாரின் துகள் பதிந்து அதுவும் துருப்பிடிக்கும்.

இந்தத் துகள்தான் எனக்கு இதில் பிடிக்காத ஒரே விஷயம். தேய்க்கத் தேய்க்க இழை ஒடிந்து மாவு மாதிரி உதிரும். கழுவாமல் விட்டால் மறுநாள் வைப்பர் ஓரத்து ரப்பரிலும் பெயிண்டிலும் ஆரஞ்சுப் புள்ளிகள். போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து, தண்ணீரை அடித்துக் கழுவி, அதே காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த இடுக்கெல்லாம் ஓட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இழை தோலுக்குள் போனால் எடுப்பது கஷ்டம். பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்கிறேன் என்று மட்டும் இதை எடுக்காதீர்கள். இரண்டு முனையிலும் பட்டால் நார் மத்தாப்பு மாதிரி பற்றிக்கொள்ளும், 9 வோல்ட் பேட்டரி போதும் அதற்கு.

12 சுருளில் கண்ணாடிக்கு ஒன்று, பம்பர்களுக்கு இரண்டு செலவானது. ஒன்றை ஈரத்தோடு பால்கனியில் வைத்து மறந்து, இரண்டு நாளில் செங்கல் பொடியாகிவிட்டது. மீதியை ஜிப் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இல்லை, அதிலும் மூன்று இப்போது நாகப்பட்டினத்தில்.