ஃபாமிகாமில் கூடுதல் நிறம்: ஃப்ளிக்கரா, ஸ்ப்ரைட்டா?

நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் மெஷினான ஃபாமிகாமுக்கு ஒரு சின்ன விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் காட்சி எங்கள் பக்கத்து வயல்: திருவையாற்றைத் தாண்டியதும் வரும் குறுவை நடவு, வரப்பு, ஒரு கொக்கு. சிக்கல் அந்தக் கொக்கில்தான் வந்தது.

1983இல் வந்த இந்த மெஷினில் பின்னணிக்கு 4 பேலட், அதாவது நிறத் தொகுப்பு. ஒவ்வொன்றிலும் 3 நிறம், எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று. 16க்கு 16 பிக்சல் கட்டத்துக்கு ஒரே பேலட்தான். நாற்றுக்கு இரண்டு பச்சை, வரப்புக்கு மண் நிறம், தண்ணீருக்குக் கருநீலம் என்று போட்டதுமே கட்டம் நிறைந்துவிட்டது. வெள்ளைக்கு எங்கே போவது?

முதலில் ஃப்ளிக்கர் முறையைத்தான் எடுத்தேன். ஒரு ஃபிரேமில், அதாவது திரையில் ஒருமுறை வரும் படத்தில், நாற்று பேலட், அடுத்ததில் கொக்கு பேலட்; கண் இரண்டையும் கலந்துகொள்ளும். திரை முழுக்கச் செய்யலாம் என்பது பெரிய வசதி. மெஷினைப் போலவே ஓடும் லேப்டாப் எமுலேட்டரில் விநாடிக்கு 60 ஃபிரேமில் நன்றாகவே இருந்தது. ஆனால் நம்மூர் டிவி முறைக்கேற்ற மெஷின் விநாடிக்கு 50 ஃபிரேம்தான் அனுப்பும். மாற்றிமாற்றிக் காட்டினால் ஒவ்வொரு படமும் 25 தடவைதான் வரும். வீட்டுப் பழைய டிவியில் போட்டதும் அம்மா கேட்டார்: "கொக்கு ஏன்டா இப்படித் துடிக்குது?" வெளிச்சத்தில் நெருங்கிய இரண்டு நிறங்கள் என்றால் துடிப்பு குறையும். வெள்ளையும் கருநீலமும் அப்படியில்லையே.

புள்ளி விட்டுப் புள்ளி வைக்கும் டிதரிங் பழைய டிவியில் கலந்து தெரியும், எல்சிடியில் புள்ளிபுள்ளியாக நிற்கும். திரை பாதியில் பேலட் மாற்றுவதை ஒருமுறைதான் முயன்றேன். வானத்தையும் வயலையும் பிரிக்க உதவும், கொக்குக்கு உதவாது.

ஆகவே ஸ்ப்ரைட், அதாவது பின்னணியிலிருந்து தனியாக மெஷின் வரையும் சின்னப் படம். பின்னணிமேல் 8க்கு 16 அளவில் இரண்டை ஒட்டினேன்: உடம்புக்கு வெள்ளை, நிழலுக்குச் சாம்பல், அலகுக்கு மஞ்சள். மூன்று நிறமும் சரியாகப் பொருந்தி அசையாமல் நின்றது. ஸ்ப்ரைட்டுக்கான 4 பேலட்டில் ஒன்று இதற்கே போய்விடும், அது பரவாயில்லை.

கவனிக்க வேண்டியது கிடைக்கோட்டுக் கணக்கு. ஒரு கோட்டில் 8 ஸ்ப்ரைட்தான் வரையப்படும். ஒன்றின் அகலம் 8 பிக்சல், ஆக 256 பிக்சல் அகலத்தில் வெறும் 64 பிக்சல். ஒன்பதாவது காணாமல் போகும். போகாமலிருக்க வரிசையை மாற்றிமாற்றிக் கொடுத்தால், வாசலில் விரட்டிய ஃப்ளிக்கர் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்துவிடும். அதனால் காட்சியை வரையும்போதே எண்ண வேண்டும். என் காட்சியில் நாயகனுக்கு 2, கொக்குக்கு 2, மாட்டுக்கு 4. அதோடு கோடு நிரம்பியது. உம்பளாச்சேரி மாடு என்பதால் அதன் சாம்பல் உடம்புக்கும் முகத்து வெள்ளைக்கும் கொக்கின் பேலட்டே போதுமானதாக இருந்தது.

பக்கவாட்டில் நகரும் காட்சியில் இதை இன்னும் முழுதாகச் சோதிக்கவில்லை. இந்த நிலைத்த காட்சிக்கு ஸ்ப்ரைட்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். இரண்டாவது கொக்கும் வேண்டும் என்று மனசு கேட்டது. மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எண்ணிக்கை பத்தாகிவிடும். மாட்டின் முதுகில் ஏற்றிவிட்டேன். அந்த உயரத்தில் நாயகனும் கொக்கும் சேர்ந்து நான்குதான்.