துவக்குச் சோதனைக்கு ஒரு சூம் வகுப்பு: எழுத்துக்குக் காணும், செய்முறைக்குக் காணாது

கனடாவில் இருந்து லீவில் கிளிநொச்சிக்கு வந்து நிற்கும் மச்சான், திரும்பிப் போனதும் துப்பாக்கிப் பாதுகாப்புச் சோதனை எடுக்கவேண்டும் என்று தமிழில் நடக்கும் ஒரு தயார்ப்படுத்தல் வகுப்பில் சேர்ந்திருந்தார். ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் எங்களுக்கு விடிய ஐந்தரை. தேத்தண்ணியோடு நானும் பக்கத்தில் குந்திவிட்டேன்.

வன்னியில் வளர்ந்தவனுக்குத் துவக்கைப் பற்றி என்ன வகுப்பு என்றார் மச்சான். சத்தத்தை வைத்தே எது என்று சொல்லக்கூடிய ஆள்தான், ஆனால் மகசினை, அதாவது ரவை அடுக்கும் பெட்டியைக் கழற்றினால் செமி ஓட்டோமற்றிக் (சுட்டதும் அடுத்த ரவையைத் தானாக ஏற்றும் துவக்கு) வெறுமையாகிவிடுமா என்று கேட்டதற்கு ஓம் என்றார். இல்லை, குழலின் பின்முனையில் ரவை இருந்து வெடிக்கும் அறைக்குள் ஒன்று கிடக்கலாம். முதலில் மகசின், பிறகு அந்த அறையை அடைத்து நிற்கும் போல்ட்டை இழுத்து உள்ளே பார்க்கவேண்டும். மகசினை விட்டுவிட்டு போல்ட்டை மட்டும் இழுத்து விட்டால் அடுத்த ரவை உள்ளே ஏறிவிடும்.

இந்த வகுப்பில் எனக்குப் பிடித்ததே அதுதான், வகைகளைப் பெயராகப் பாடமாக்க விடாமல் எப்படித் திறந்து பார்ப்பது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். குழலை மடித்துத் திறப்பது ஒன்று, இங்கே வயல்காரர் பன்றிக்கென்று லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் 12 கேஜ் துவக்கு, எங்கட ஆட்கள் பன்னிரண்டு போர் என்பது, பெரும்பாலும் இந்த வகை. அப்புறம் கையால் இழுக்கும் போல்ட், கீழே நெம்பும் லீவர், முன்பிடியை இழுக்கும் பம்ப், செமி, ரிவோல்வர். லீவரிலும் பம்பிலும் அனேகமாகக் குழலுக்குக் கீழே உள்ள டியூப்பில் ரவை இருக்கும், அதையும் பார்க்கவேண்டும். எங்கட இடியன் துவக்கு மாதிரி குழல் வாய்வழியாக வெடிமருந்து போடுகிறதுக்கு ஒரேயொரு ஸ்லைட்தான், சரி, பரவாயில்லை.

தோட்டாப் பகுதியை ஓட்டமாக ஓடியதுதான் கோபம். கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது. அதனால் 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய்ச் சிக்கி நிற்கும், அது தெரியாமல் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சளில் செய்வதே அதற்காகத்தான். இதற்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

கமெராவும் மோசம், அறையைக் காட்டும்போது இருட்டு மட்டும்தான் தெரிந்தது. எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம் வேண்டும், கையில் பிடித்துப் பழகாமல் செய்முறைக்குப் போகவேண்டாம். ரெக்கோர்டிங் தருவதாகச் சொன்னார்கள், வட்ஸ்அப்பில் கேட்டால் இன்றுவரை நீல டிக் மட்டும்தான்.