அங்கன்வாடி மதிய உணவு: முட்டை நாள் தேறுகிறது, உருளைக்கிழங்கு நாள் தடுமாறுகிறது

பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். தமிழ்நாட்டு மையங்களின் மதிய உணவைப் பொறுத்தவரை எங்கள் பதில்: நம்பிச் சேர்க்கலாம். திட்டம் நல்ல திட்டம். ஆனால் வாரத்தின் எல்லா நாளும் ஒரே தரம் கிடையாது. அரிசி அளக்கும் இடத்திலும் தட்டில் பரிமாறும் இடத்திலும்தான் பலன் கூடுவதும் குறைவதும்.

அளவுகோல் எது? 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வகுத்தபடி, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காலைச் சிற்றுணவும் சூடான மதிய உணவும் சேர்ந்து நாளுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என்று இருந்தது. ஊட்டச்சத்துக் குறைவு உள்ள பிள்ளைக்கு 800 கிலோ கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். 2023-ல் இந்த அளவுகள் திருத்தப்பட்டன; இங்கே அந்த முதல் அளவோடுதான் ஒப்பிடுகிறோம்.

இதைத் தட்டோடு பொருத்திப் பாருங்கள். தலைக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு என்பது மையங்களின் கணக்கு. அந்த அரிசியில் சுமார் 280 கிலோ கலோரியும் ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதமும் உண்டு. பருப்பில் இரண்டு கிராம் புரதம். ஒரு முட்டை சேர்ந்தால் இன்னும் ஆறு கிராம். ஆக, முட்டை போடும் மூன்று நாளும் புரதம் 14 கிராமை ஒட்டி வந்துவிடுகிறது. கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு தரும் நாளில் 20 கிராம் சுண்டலால் நான்கு கிராம் கூடி 12-ஐ ஒட்டி வருகிறது; அதுவும் தேறுகிறது. உருளைக்கிழங்கு நாள்தான் உதைக்கிறது. 20 கிராம் கிழங்கில் அரை கிராம் புரதம்கூட இல்லை. அன்று காலைச் சத்துமாவைப் பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாக வேண்டும். சாதத்துக்குள் முருங்கைக்கீரை சேர்த்தால் நல்லது. பட்டியலில் நாங்கள் மாற்றச் சொல்வது இந்த ஒரு நாளைத்தான்.

எலுமிச்சை சாதம் போன்ற கலவை சாதங்கள் கொண்ட பட்டியலை மனதாரப் பாராட்டுகிறோம். அதற்குப் பயன்படும் செறிவூட்டிய (சத்துகள் சேர்த்த) அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை இருக்கின்றன. எலுமிச்சை சாதத்தின் புளிப்பில் உள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. அடுப்பை அணைத்து, சாதம் சற்று ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அந்தச் சத்து தங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பும் ஏறும்.

இந்த அரிசியில்தான் பெரிய குழப்பமும் நடக்கிறது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய மணிகளைக் கலக்கிறார்கள். நிறத்தில் லேசாக வேறுபட்டிருக்கும், களையும்போது சில மிதக்கும். “பிளாஸ்டிக் அரிசி” என்று பயந்து அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிவது மொத்தச் சத்தையும்தான். அந்த மணிகள் அரிசி மாவில் சத்துகளைக் கலந்து பிழிந்து செய்தவை. ஒன்றிரண்டு தடவை லேசாக அலசினால் போதும். வடித்தால் சத்தில் ஒரு பங்கு கஞ்சியோடு போகும். தண்ணீரை அளந்து வைத்துப் பொங்குவதே சரி.

அளவுக்கு வருவோம். இருபது பிள்ளைகளுக்கு 1.6 கிலோ அரிசி, 200 கிராம் பருப்பு, சுண்டல் நாளில் 400 கிராம் கடலை. வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு வந்த தலைகளை எண்ணிய பிறகே உதவியாளர் அரிசி அளக்க வேண்டும். தராசு இல்லாமல் டம்ளரால் அளக்கும் மையத்தில் அந்த டம்ளர் எத்தனை கிராம் கொள்கிறது என்று ஒருமுறையாவது எடை போட்டிருக்க வேண்டும். தலை தட்டியதற்கும் குவித்ததற்கும் உள்ள வித்தியாசம் இருபது பேருக்கு ஒரு பிள்ளையின் பங்கையே விழுங்கிவிடும்.

80 கிராம் அரிசி வெந்தால் 200 கிராமுக்கு மேல் சாதமாகிறது. இரண்டரை வயதுப் பிள்ளை அதை ஒரே மூச்சில் சாப்பிடாது. முதலில் பாதி, கேட்டால் மீதி என்று இரண்டு தடவையாகப் பரிமாறும் மையங்களில் தட்டில் மிஞ்சுவது குறைவு. எடை குறைந்த பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். அதற்கு உரிய உணவு முழுவதையும் ஒரே வேளையில் குவித்து வைத்தால் வயிறு கொள்ளாது. கூடுதல் பங்கைக் காலையிலும் வீட்டுக்குக் கிளம்பும் முன்னும் பிரித்துத் தர வேண்டும். எல்லாத் தட்டிலும் ஒரே கரண்டி அளவு விழுந்தால், அந்தப் பிள்ளைக்கான விதி ஏட்டோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். இதில் நாங்கள் சமாதானம் ஆகவே மாட்டோம்.

முட்டையை வேகவைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே மிதப்பதை ஒதுக்க வேண்டும். கொதி வந்தபின் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சள் கருவை மசித்துச் சாதத்தோடு பிசைந்து கொடுங்கள். வறண்ட கரு தொண்டையில் அடைக்கும்.

பெற்றோர் மையத்துக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பிள்ளையின் எடை அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோடு இரண்டு மாதம் மேலே ஏறாமல் நின்றால், தட்டில் மிச்சம் விழுகிறதா, காலைச் சத்துமாவு உள்ளே போகிறதா என்று டீச்சரிடம் அன்றைக்கே கேளுங்கள்.